கரையாத நான்கு கட்டிகள்

காசிமேடு
18.05.2025

'சொக்கம்மாள்' விசைப்படகின் பாதி உரிமையாளர் குணசுந்தரி அவர்களுக்கு, மறுபாதி உரிமையாளர் சுப்புராயன் எழுதுவது.

இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, யார்டில் ஏற்றி நிறுத்தியிருக்கும் நமது படகின் அடியில், நான்கு துத்தநாகக் கட்டிகளுக்கும் சிவப்பு பெயிண்ட் அடிப்பது என்று முடிவு எடுக்கப்பட்டது. முடிவை எடுத்தவர் நான். உடனிருந்தவை ஒரு பெயிண்டர், ஓர் ஏணி. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

காரணம் நீ அறிந்ததே. சுக்கானுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு வைத்திருக்கும் அந்தக் கட்டிகள் வருஷா வருஷம் கரைந்து தேன்கூடு மாதிரி ஆகிவிடுகின்றன. படகின் மற்ற இடமெல்லாம் பெயிண்டில் பளபளக்க, இந்த நான்கு மட்டும் சொறி பிடித்த மாதிரி நிற்கின்றன. இரும்புக்கு அடிக்கும் பெயிண்டை இதற்கும் அடித்தால் இதுவும் கரையாது என்பது எனக்கு எப்படி இத்தனை வருஷம் தோன்றாமல் போனது என்று எனக்கே வியப்பு.

பொங்கலன்று நாலு பேர் முன்னால் என் மண்டைக்குள் துரு பிடித்திருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து நாம் பேசிக்கொள்வதில்லை. உன் நம்பரையும் நான் பிளாக் செய்திருக்கிறேன். இருந்தாலும் நான் படகுச் சங்கத்தின் செயலாளர். பங்குதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் ஒரு வேலையைச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே தெரிவித்துவிட்டேன்.

சுப்புராயன்


திருவொற்றியூர்
21.05.2025

அண்ணனுக்கு,

ரேகா அண்ணி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புப் பேனாவோடுதான் படிக்க உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. விஷயம் முழுவதும் பிழை.

பத்தாம் வகுப்பில் நான் எப்படி நடத்துவேனோ அப்படியே எழுதுகிறேன். படகின் உடம்பு இரும்பு. தண்ணீரைத் தள்ளும் விசிறி வெண்கலம். இரண்டும் உப்புத் தண்ணீருக்குள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அங்கே ஒரு வேதிவினை இரவு பகலாக நடக்கும். இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் போகும். இதைத் தடுக்கத்தான் துத்தநாகம். அது இரும்பைவிடச் சீக்கிரம் வினைபுரியும் உலோகம். இரும்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், இரும்பு கொடுக்க வேண்டியதை அது முந்திக்கொண்டு கொடுக்கும். அது கரையும், இரும்பு தப்பிக்கும். கரைவதுதான் அந்தக் கட்டிக்கு வேலை. அதற்குக் கடல்தண்ணீர் அதன்மேல் பட வேண்டும். பெயிண்ட் அடித்தால் படாது.

காவல்காரன் வெயிலில் கறுத்துப் போகிறான் என்று அவனை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாய்.

அந்தப் படகின் டிரைவர் என் வீட்டுக்காரர். விமல் அதில் ஏறிப் போனால் எட்டு நாள், பத்து நாள் கடலில் இருக்கிறார். சுக்கான் அவர் கையில் இருக்கிறது. இது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொரு விஷயம். எனக்குப் பாதி உரிமை என்று எழுதியிருக்கிறாய். பொம்பளை படகில் கால் வைக்கக் கூடாது என்று நீதான் இருபது வருஷமாக என்னைக் கரையிலேயே நிறுத்தியிருக்கிறாய். எந்தப் பாதி என்னுடையது என்று தெரிவிக்கவும். அந்தப் பாதியில் இருக்கும் கட்டிகளுக்காவது பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடு.

குணா


காசிமேடு
25.05.2025

குணசுந்தரி டீச்சருக்கு,

சோதனை செய்வது உங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்த உரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் செய்திருக்கிறேன்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் நான்கு கட்டிகளில் இரண்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தேன். இரண்டை அப்படியே விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஏப்ரலில் படகை மேலே ஏற்றியதும் நான்கையும் கழற்றி எடை போட்டேன். பெயிண்ட் அடித்தவை தலா நாலு கிலோ, வாங்கினபோது இருந்த எடை. அடிக்காதவை தலா ஒரு கிலோ இருநூறு. விரலை விட்டால் மறுபக்கம் வருகிறது. கரைந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி மாட்டினேன். ஒரே படகு, ஒரே கடல், ஒரே பத்து மாதம். இதற்குமேல் நிரூபணம் வேண்டுமென்றால் கடலையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

அப்பா உன்னை ஒன்பதாவது படிக்க அனுப்பிய அதே ஜூன் மாதம் என்னைப் படகுக்கு அனுப்பினார். எனக்கு வயது பதினாறு. நீ புத்தகத்தில் உப்பைப் பற்றிப் படித்தாய், எனக்கு அது கை வெடிப்பில் ஏறியது. உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்காதே.

உன் பாதி எது என்று சங்கத்தில் கேட்டேன். ஆலோசித்துவிட்டு, மேல் பாதி என்று சொன்னார்கள். கட்டிகள் கீழ்ப் பாதியில் உள்ளன.

சுப்புராயன்


திருவொற்றியூர்
09.06.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே, 22ஆம் தேதி, கல் கொட்டிய கரையில் இறங்கி ஒரு குடம் கடல்தண்ணீர் எடுத்து வந்தேன். மூன்று டம்ளரில் ஊற்றி மூன்று இரும்பு ஆணிகளைப் போட்டேன். முதல் ஆணி தனியாக. இரண்டாவதன்மேல் பழைய பேட்டரி ஒன்றைப் பிரித்தெடுத்த துத்தநாகத் தகட்டைச் சுற்றினேன். மூன்றாவதிலும் அதே தகடு, ஆனால் தகட்டின்மேல் உன் சிவப்பு பெயிண்ட். டப்பாவை அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தார். அவரைத் திட்டாதே.

விமல் சமையலறைக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, டீ கிளாஸ்ல ஆணிய ஊறப் போட்டுகினு கீற? ஊறுகாயா?" என்றார். பதினெட்டு நாளும் டீக்கு டம்ளர் இல்லாமல் சொம்பில் குடித்தார்.

இன்று எடுத்துப் பார்த்தேன். தனி ஆணி சிவந்து பொரிந்துவிட்டது. இரண்டாவது டம்ளரில் தகடு பொத்தல், ஆணி சுத்தம். மூன்றாவது டம்ளரில் தகடு கடையில் வாங்கியது போல அப்படியே இருக்கிறது. ஆணி முதல் ஆணியைப் போலவே போய்க்கொண்டிருக்கிறது. மூன்று ஆணிகளையும் தாளில் சுற்றி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்.

இப்போது உன் சோதனைக்கு வருகிறேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய். என் வகுப்பில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். ஆனால் எடை போட வேண்டியதை விட்டுவிட்டு வேறு ஒன்றை எடை போட்டிருக்கிறாய். பெயிண்ட் அடித்த இரண்டு கட்டிகள் வேலையே செய்யவில்லை. அவற்றின் வேலையையும் சேர்த்து மற்ற இரண்டும் செய்தன. அதனால்தான் விரல் நுழையும் ஓட்டை. இந்த வருஷம் நான்கும் சும்மா இருக்கப் போகின்றன. அப்புறம் கரைவதற்கு முன்வர அங்கே யார் இருக்கிறார்கள்? சுக்கானும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும்தான். வேதிவினையில் கணக்கு தப்பாது. ஒன்று குறையவில்லை என்றால் இன்னொன்று குறைகிறது.

கம்பி பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டினால் போதும். 14ஆம் தேதி தடைக்காலம் முடிகிறது. அதற்குள் செய்.

குணா


காசிமேடு
13.06.2025

குணசுந்தரிக்கு,

நேற்று சாயங்காலம் நீ கைப்பையில் கம்பி பிரஷ்ஷோடு யார்டுக்கு வந்தாய். படகு காலையிலேயே தண்ணீரில் இறங்கிவிட்டது என்று உனக்குத் தெரியவில்லை. படகை இழுத்து ஏற்றி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவன் உன்னைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, பிரஷ்ஷ எடுத்துகினு வந்துகீற? போட்டுக்குப் பல்லு வெளக்கி உடப் போறியா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ போய்விட்டாய். நான் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. மிச்சச் சிரிப்பெல்லாம் எனக்கு வந்தது.

இன்று பூசை போட்டோம். முகப்பில் தேங்காய் உடைத்தோம். கீழ்ப் பாதியின் உரிமையாளர் வாயால் சொல்லாமல் படகின் அடியில் கை வைக்க மாட்டேன் என்று விமல் கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்தார். அவராகச் செய்யவில்லை. நான்தான் செய்யச் சொன்னேன். நீ அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துக் கடலுக்கு அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும்.

படகு வேறு, ஆணி வேறு. படகை நான் டம்ளரில் நிறுத்தவில்லை. ஆணிகள் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகின்றன.

சுப்புராயன்


திருவொற்றியூர்
17.06.2025

அண்ணனுக்கு,

மூன்று ஆணிகள் அனுப்பினேன். இரண்டுதான் திரும்பி வந்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக்கு வந்து பிரஷ்ஷை மேசைமேல் வைத்துவிட்டேன். கரும்பலகையைத் துடைக்கக்கூட அது ஆகாது.

விமல் கிளம்பும்போது கேட்டேன், கற்பூரத்தில் கை வைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. "பேஜாரு பண்ணாத குணா. மச்சானோட போட்டு. நான் இறங்கிட்டேன்னு வெய்யி, குப்பத்துல இன்னா பேசுவானுங்க? பொண்டாட்டி பேச்சக் கேட்டு கடலுக்குப் பயந்துகினு வூட்ல குந்திகினு கீறான்னுவானுங்க. போட்டு நல்லாதான் ஓடிகினு கீது" என்றார்.

வேதிவினை நடப்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. நிறம் மாறும், வாயு வெளிவரும், வீழ்படிவு உண்டாகும், சூடு ஏறும் அல்லது இறங்கும். படகுக்கு அடியில் நடப்பதற்கு இதில் ஒன்றுகூட மேலே இருப்பவனுக்குத் தெரியாது. நல்லாதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனை நாள் உன்னைத் திருத்தலாம் என்று எழுதினேன். இப்போது பதிவுக்காக எழுதுகிறேன். நான் சொன்னேன். தேதி மேலே இருக்கிறது.

குணா


காசிமேடு
07.09.2025

குணசுந்தரிக்கு,

மூன்றாவது ஆணி என் மேசை டிராயரில் இருந்தது. தவறுதலாகத்தான் தங்கிவிட்டது. நேற்று வேறு எதையோ தேடும்போது கையில் எடுத்தேன். இரண்டாக உடைந்தது. டிராயரில் உப்புத் தண்ணீர் இல்லை என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். இதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

மூன்று மாதமாக ரேகா சோறு போடும் ஒவ்வொரு வேளையும், "கட்டி இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் குழம்பு ஊற்றுகிறாள். சில நாள் கேட்டுவிட்டுக் குழம்பு ஊற்றுவதில்லை.

ஆகவே, வரும் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் ஆள் ஒருவர் படகுக்கு அடியில் இறங்குவார். பார்வையிட மட்டும். பார்வையிடும்போது அவர் கையில் கம்பி பிரஷ் இருந்தால் அது அவருடைய சொந்த விருப்பம். சங்கத்துக்கும் எனக்கும் அதில் சம்பந்தம் இல்லை. இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். விமலிடமும் வேண்டாம்.

சுப்புராயன்


காசிமேடு
19.09.2025

குணசுந்தரிக்கு,

உன் வகுப்பின் அலகுத் தேர்வு கேள்வித்தாள் கிடைத்தது. நீ அனுப்பவில்லை. காசிமேட்டில் போன் வைத்திருக்கும் எல்லாரும் அனுப்பினார்கள்.

ஏழாவது கேள்வியை இங்கே அப்படியே எழுதுகிறேன். நீ எழுதியதுதான், மறந்திருந்தால் நினைவுக்கு வரட்டும். "ஒரு மீன்பிடிப் படகின் உரிமையாளர், துத்தநாகக் கட்டிகள் கரையாமல் இருக்க அவற்றின்மீது வண்ணம் பூசினார். அவர் செய்த தவறு யாது? அப்படகில் முதலில் பழுதாகும் பகுதி எது? ஏன்? ஐந்து மதிப்பெண்கள்."

உன் பிள்ளைகளின் அப்பன்கள் எல்லாரும் நான் மீன் இறக்கும் இடத்தில்தான் மீன் இறக்குகிறார்கள். நேற்று காலை ஏலக் கூடத்தில் ஒருவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னான். "இன்னா மாமு, அஞ்சு மார்க்கு கேள்வியா வந்துட்டியாமே? எம் பொண்ணு உன்னிய எழுதி ஃபுல் மார்க் வாங்கிகினு வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸு மாமு." ஐஸ் உடைக்கிறவன் வேலையை நிறுத்திவிட்டு, "ஏன்றதுக்கு தனி மார்க்கா?" என்று கேட்டான்.

அப்பா காலத்திலிருந்து அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. நேற்று அதில் உட்கார முடியவில்லை.

21ஆம் தேதி வர இருந்த ஆளுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி அந்தக் கட்டிகளில் ஒரு கீறல் விழுந்தாலும், உன் பிள்ளைகளின் விடைத்தாளுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். கட்டிகள் இருக்கிறபடியே இருக்கும். இனி கடிதம் எழுதாதே.

சுப்புராயன்


திருவொற்றியூர்
20.09.2025

அண்ணனுக்கு,

எழுதாதே என்று எழுதிவிட்டாய், அதனால் நாலே விஷயம் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

கேள்வித்தாளை ஆகஸ்டிலேயே தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை. இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் உன் ஏழாம் தேதிக் கடிதம் வந்தபோது தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்தக் கேள்வியை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதியிருக்கலாம். பேனாவையும் எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை. நல்ல கேள்வி அது. பதினெட்டு வருஷத்தில் நான் எழுதிய கேள்விகளிலேயே நல்ல கேள்வி. நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் சரியாக எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன் நாற்காலிக்காக விமலைச் சுக்கான் இல்லாமல் அனுப்பப் போகிறாய். என் கேள்விக்காக நான் அதற்கு வழி செய்திருக்கிறேன்.

உனக்கு என்ன வேண்டும்? கேள்வியை ரத்து செய்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் நின்று, அந்த உரிமையாளர் செய்தது சரி, டீச்சர்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்கிறேன். நாற்பத்தோரு பிள்ளைகளுக்குத் தெரிந்தே பொய் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பன்களிடம் சொல்லட்டும். ஏலக் கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். நீ நாளைக்கு அந்த ஆளைத் தண்ணீரில் இறக்கு. ஒரு மணி நேரம்.

குணா


திருவொற்றியூர்
22.09.2025

அண்ணனுக்கு,

இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். உரிமையாளர் செய்தது சரி என்று. பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், அப்ப இரும்பு?" என்று கேட்டாள். உட்கார் என்றேன்.

நேற்று யாரும் தண்ணீரில் இறங்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

குணா


திருவொற்றியூர்
14.01.2026

அண்ணனுக்கு,

நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நல்லதுதான். வந்திருந்தால் பேச வேண்டியிருக்கும்.

படகுச் சங்கத்துக்கு யார் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விமல் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். ஆறாம் தேதி காலை, கரையிலிருந்து ஒரு நாள் ஓட்டத் தூரத்தில், சுக்கான் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறார். கையில் கனமே தெரியவில்லையாம். இன்னும் கொஞ்சம் திருப்பியிருக்கிறார். படகு நேராகவே போயிருக்கிறது. எட்டிப் பார்த்தபோது பின்னால் சுக்கான் இல்லை. ஏழு பேர் இரண்டு பகல், இரண்டு ராத்திரி மிதந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வேறு ஒரு படகு கயிறு வீசி இழுத்தது. சுக்கான் இல்லாத படகு இழுத்த இழுப்புக்கு நேராக வராது, பக்கவாட்டில் ஓடும். அப்படி ஓடியபோது கயிறு சுருண்டு விமலின் இடது கையைக் கயிறு கட்டும் கட்டையோடு சேர்த்துப் பிடித்துவிட்டது. மூன்று விரல்கள் போயின.

"மச்சான் மேல கோச்சிக்காத குணா, கயிறு பண்ண வேல" என்கிறார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை என்பதற்காகவே உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காற்றும் அலையும் மோதிச் சுக்கான் உடைந்தது என்று இன்சூரன்ஸ் தாளில் நீ எழுதியிருப்பதாக அண்ணி சொன்னார். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று விமலைக் கேட்டேன். "நீ ஆணி போட்டு வெச்ச டம்ளரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம். விளக்கமும் வேண்டாம். படகை மேலே ஏற்றியதும் நான்கு கட்டிகளையும் கழற்றி எடை போட்டு எழுது. அதைத் தவிர ஒரு வரிகூட எழுதாதே.

குணா


காசிமேடு
29.01.2026

குணா,

படகை இன்று மேலே ஏற்றினார்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஏலக் கூடத் தராசில் போட்டேன்.

முதல் கட்டி நாலு கிலோ.
இரண்டாவது நாலு கிலோ.
மூன்றாவது நாலு கிலோ.
நான்காவது நாலு கிலோ.